எல்லாம் எடுத்தாச்சு

"எல்லாம் எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்று டாக்டரம்மா அத்தானிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதக் கரு கலைந்து, உதிரப்போக்கு நிற்காமல், என் அக்காவைக் கீரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பைக்குள் ஒட்டியிருந்த மிச்சத்தை வழித்தெடுத்துச் சுத்தம் செய்தார்கள். கால்மணி நேர வேலை. நாங்கள் அடிக்கடி பார்ப்பது. அதனாலேயோ என்னவோ, மயக்கம் தெளிந்த அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான்.

'எல்லாம்' என்றால் கர்ப்பப்பையும் சேர்த்து என்று அத்தான் வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள். அது எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் ஆலங்குடிப் பக்கம் அத்தானுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். அக்காவின் மாமியாரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "கர்ப்பப்பை அப்படியே இருக்குங்க. அதை எடுக்கணும்னா வயித்தைக் கிழிச்சுத் தையல் போட்டிருப்பாங்க. அக்கா வயித்துல ஒரு கீறல் இருக்கா, நீங்களே பாருங்க."

"கல்யாணமாகாத புள்ள, ஒனக்கு என்னத்தா தெரியும்?" என்றார் அவர். மாதவிலக்குத் தவறாமல் வருகிறதே என்றேன். அது ஆஸ்பத்திரியில் விட்டுப்போன கெட்ட ரத்தமாம். ஊரெல்லாம் என்னிடம் கைநீட்டி ஊசி போட்டுக்கொள்கிறது. அந்த வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

கடைசியில் அக்காவையும் அத்தானையும் வற்புறுத்தி டாக்டரம்மாவிடமே கூட்டிவந்தேன். நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். இரண்டே நிமிடம். அத்தான் தலையாட்டினார்.

"நீங்கதானே எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க" என்று முனகினார். டாக்டரம்மா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் இருவர்மேலும், என்மேலும்.

பஸ் ஸ்டாண்டில் அத்தான், "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அக்கா நகரவில்லை.

"மாசாமாசம் நான் தலைக்குக் குளிச்சது ஒங்களுக்குத் தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க போங்க. எனக்குத் தோணுறப்ப வாரேன்."

இரண்டு மாதம் என்னோடுதான் இருந்தாள். பெண் பார்க்கும் பேச்சு நின்றுபோனதாக அத்தான் இரண்டு தடவை வந்து சொன்ன பிறகே கிளம்பினாள். அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. சாமி கண் திறந்துவிட்டது என்றார் மாமியார். வாதாட எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு, அந்தச் சிகிச்சைக்கு யார் வந்தாலும் மயக்கம் தெளியும்வரை கட்டிலருகே காத்திருப்பேன். என்ன எடுத்தார்கள், என்ன எடுக்கவில்லை என்று அவளிடமே சொல்வேன். வேலை கெடுகிறது என்று தலைமை நர்ஸ் கடிந்துகொள்வார்.

ஒருத்தி கேட்டாள்: "இதை வெளிய நிக்கிற அவுககிட்ட சொல்லுங்களேன்."

"சொல்றேன். மொதல்ல நீ தெரிஞ்சுக்க" என்றேன்.