கங்கையை மூன்று முறை கடந்த இட்லி அரிசியும் ஒரு டிராப் பார் சைக்கிளும்

டிசம்பரில் பிஷ்ணுபூரிலிருந்து புருலியாவுக்குச் சைக்கிளில் போவதென்று நானும் என் நாத்தனார் நித்யாவும் முடிவு செய்திருக்கிறோம். செம்மண் பாதையும் காட்டுப் பாதையுமாக ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். மூட்டை முடிச்செல்லாம் வண்டியிலேயே. அவளிடம் அதற்கேற்ற வண்டி இருக்கிறது, என்னிடம் இல்லை. எனவே இந்தப் பதிவு புருலியாவைப் பற்றியது அல்ல. வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்காகச் செப்டம்பரில் கங்கைக்கு இக்கரையில் எங்கள் வீடு இருக்கும் பாலிகஞ்சிலிருந்து அக்கரையில் உள்ள சாந்த்ராகாச்சிக்கு நான் போன இரண்டு சின்னப் பயணங்களைப் பற்றியது.

இரண்டு வருடங்களுக்கு முன் மழையில் வழுக்கி விழுந்ததில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே இன்னும் தகடு இருக்கிறது. தாராளமாக ஓட்டலாம், விரல்கள் மரத்துப்போனால் மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. கை ஒத்துழைக்காவிட்டால் வேறு துணையோடு போய்விடு என்று நித்யாவிடம் பெரிய மனதோடு சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் என் மனது அவ்வளவு பெரியதல்ல. இந்தப் பயணம் எனக்கு வேண்டும்.

டிராப் பார் என்பது ஆட்டுக்கொம்பு போல முன்னால் வந்து கீழே வளையும் கைப்பிடி. பந்தயக்காரர்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு அதன் பயன் வேறு: கையை மூன்று நான்கு இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். காளிகாட்டில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் தபன்-தாவிடம் (‘தா’ என்றால் இங்கே அண்ணன்) என் ஐந்தடி ஓரங்குல உயரத்துக்கு இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கருநீல அலுமினியம், 38 மில்லிமீட்டர் டயர், தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய். மற்றது பாசிப்பச்சை நிற இரும்பு, 50 மில்லிமீட்டர் டயர், எழுபத்தெட்டாயிரம். நீலத்தை ஒரே கையால் தூக்க முடிந்தது. பக்கத்து ஏரியைச் சுற்றி வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. பச்சையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன்பணத்தோடு கடைக்குப் போன காலையில்தான் அசடு வழிந்தேன். தலைக்கு மேல் வானம் முழுக்கப் பட்டங்கள் பறந்துகொண்டிருந்தன, இங்கே பட்டம் விடும் விஸ்வகர்மா பூஜை நாள் அது என்று அப்போதும் உறைக்கவில்லை. கடைக்குள் போனால் ஸ்பானர், திருப்புளி, பம்பு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு விஸ்வகர்மாவின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கள் வீட்டில் கருவிகளுக்கு ஓய்வு நவராத்திரியில்தான். இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் என் தலைக்குள் தொங்குவது அந்தக் காலண்டர்தான். இன்று எதையும் தொடமாட்டேன், ரசீதும் போடமாட்டேன் என்றார் தபன்-தா. வேண்டுமானால் வண்டியை ஓட்டிப் பாருங்கள், பணத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையில் பூந்தியைக் கொடுத்தார்.

நித்யா சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அவளுக்காக லேக் மார்க்கெட்டில் எட்டு கிலோ இட்லி அரிசியும் இரண்டு கிலோ உளுந்தும் வாங்கி முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன். சைக்கிளுக்குத் தடை உள்ள பெரிய சாலைகளைத் தவிர்த்து, சந்து சந்தாக மேட்டியாபுருஸ் படகுத்துறைக்கு வந்து ஆற்றைக் கடந்தேன். சைக்கிளுக்குத் தனிச்சீட்டு உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். அக்கரையில் குண்டும் குழியுமான சாலையில் முதுகுப் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. ரயில் யார்டை ஒட்டிய மண்பாதையில் நித்யா அவள் வண்டியோடு காத்திருந்தாள். இருவரும் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போய் நின்றோம். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருக முடியவில்லை.

நித்யா அதை வாங்கித் திறந்து கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வலிக்கறதா மன்னி?”

“இல்ல. மரத்துப் போச்சு, அவ்வளவுதான். நீ ஆபீஸ்ல யாரையாவது கூப்பிட்டுக்கோ நித்யா.”

“தூர் போ, நீ ஒண்ணு. வண்டிய மாத்து, என்னை மாத்தாதே. ஆச்சா?” என்றவள், அரிசிப் பையைக் கையால் தூக்கிப் பார்த்தாள். “டூருக்கும் இவ்வளவு வெயிட்தான் வரும். இதை நான் வெச்சுக்கலை. இதே அரிசியோட ஞாயித்துக்கிழமை நீ சொன்ன அந்தப் பச்சை வண்டில வா.”

என் கணவர் காரில் வந்து என்னையும் நீலத்தையும் அரிசியையும் பாலத்தின் வழியே வீடு சேர்த்தார். “அரிசி வாங்கினா சமைக்கணும். ஊர் சுத்திக் காட்டக்கூடாது,” என்றார்.

மறுநாள் நீலத்தில் பை மாட்டக் கம்பிச்சட்டம் பொருத்த முடியுமா என்று கேட்டேன். அதில் அதற்கான திருகுத்துளைகளே இல்லை. பச்சையில் இருந்தன. தபன்-தா பின்சக்கரத்தின் இருபக்கமும் பைகளை மாட்டி, கைப்பிடியை இருக்கை மட்டத்துக்கு உயர்த்தினார். பிரேக் லீவரை என் குட்டை விரல்களுக்கு எட்டும்படி உள்ளே தள்ளிவைத்தார். டயரில் காற்றைக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதே சந்துகள், அதே படகு, அதே அரிசி. பச்சை பறக்கவில்லை. கிடைக்கிற மேடுகளில் எல்லாம் முனகிக்கொண்டுதான் ஏறியது. ஆனால் குழிகளை டயர் வாங்கிக்கொண்டது, பாரத்தை வண்டி வாங்கிக்கொண்டது. என் கைக்குத் திருப்புவதைத் தவிர வேலையே இல்லை.

யார்டை ஒட்டிய பாதையில் போனமுறை நின்ற அதே இடத்தில் நின்றோம். நித்யா என் கையைப் பார்க்காத மாதிரி ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையாலேயே மூடியைத் திருகித் திறந்து பாட்டிலை அவளிடம் நீட்டினேன்.

“எனக்குத் தாகமே இல்லை மன்னி.”

“பரவால்ல, குடி.”

குடித்தாள். பாதி சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தாள்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். கடையில் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள், தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள் அல்ல. குட்டையானவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டி வளைத்துத் திருப்பிப் பாருங்கள், முன்சக்கரம் கால்விரலில் இடிக்கலாம். பை மாட்டியபின் குதிகால் அதில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். சின்ன ஊர் மெக்கானிக்கும் சரிசெய்யக்கூடிய கேபிள் பிரேக்கே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத்தில் எவ்வளவு எடை வருமோ அவ்வளவு மளிகையை ஏற்றிக்கொண்டு மோசமான பாதையில் ஓட்டுங்கள். முடித்ததும் பாட்டில் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்குத் தாகமே இல்லாவிட்டாலும் முதல் வாய் அவருக்குக் கொடுங்கள்.