ஈர மரத்தூள்

செம்பூரில் என் புது வீட்டில், மின்சார அடுப்புக்கு மேடை அமைக்கத் தச்சர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். நாலாம் வகுப்பைத் தாண்டாத நான் சொந்த உழைப்பில் வாங்கிய இரண்டாவது வீடு இது. மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும் தாராவிக் குடிசைக்குப் போய்விட்டேன்.

காலை ஷிப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளர்களுக்கு அப்பா இட்லி விற்றார். மண்ணெண்ணெய் கட்டுப்படியாகாது, மரத்தூள் அடுப்புதான். தகர டின்னுக்குள் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை உருவினால் அந்தத் துளையில் தீ நின்று எரியும். என்னைப்போல் அடைக்க அந்தச் சந்திலேயே ஆள் கிடையாது.

ஒரு மழைக்காலக் காலையில், வாசலில் நனைந்து கிடந்த தூளைச் சோம்பலில் அடைத்துவிட்டேன். புகைதான் வந்தது. இளைப்பு நோய்க்காரியான அம்மா குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சுதான் மெல்லத் தீயாகி, தீ ஆவியாகி, இட்லி வெந்தது.

"ஏளா, ஷிப்டுக்காரன்லாம் போயிட்டான்! யாரு அடைச்சது இத?" என்று அப்பா கத்தினார்.

"நாந்தான்" என்றாள் அம்மா, இருமலுக்கு நடுவே. "அவன் அடைச்சிருந்தா நல்லா எரிஞ்சிருக்கும்."

அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

என் சாமர்த்தியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், அந்தத் தூளை அடைத்தவன் நான்தான் என்று அப்பாவிடம் கடைசிவரை சொல்லவேயில்லை.