ஆகஸ்டில் கிடந்த நாலு கடிதம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கம்ப்யூட்டரால் வரும் தொல்லை பாதிதான். மீதியெல்லாம் ஓசியில் வந்த சிடியால் வருவது. பழைய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் நானும் சண்முகம் அண்ணாச்சியும் சேர்ந்து ரிப்பேர் கடை போட்டிருந்தோம். அண்ணாச்சி மானிட்டரைப் பிரிப்பார். மற்றதெல்லாம் என் தலையில்.

அழிரப்பர் வைத்தியம்

பிலோமினா அக்காவுக்குச் சொந்த ஊர் உவரி. பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு எடுத்து, முன்னறையில் டைப்பிங் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய பெட்டி ஒரு பழைய 486 ரகக் கம்ப்யூட்டர். ஆன் பண்ணினால் மூன்று தரம் பீப் அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் மறுபடி ஓடும்.

புதுசு வாங்குங்கள் என்று வாய் வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன். அவர் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் கப்பலில் மோட்டார்மேன், எஞ்சின் அறை வேலை. ஒப்பந்தம் முடிந்து வந்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். அக்டோபர் கடைசியில் அவருக்கு ஐம்பது வயது முடிகிறது. ஐம்பது முடிந்தவரை அவருடைய கம்பெனி எடுக்காது. அதற்குள் ஒரு கப்பல் கிடைத்தாக வேண்டும். அழைப்பும் பதிலும் இனி இமெயிலில்தான் என்று பம்பாய் ஏஜென்ட் ஆபீசில் வேறு சொல்லிவிட்டார்கள். "இந்தப் பெட்டி படுத்துட்டுன்னா எங்க வீட்டுல உலை கொதிக்காது தம்பி, பாத்துச் செய்யுங்க" என்றார் அக்கா.

கேட்காமல் வந்த விருந்தாளி

இன்டர்நெட் இணைப்பு கொடுத்தவர்கள் கூடவே ஒரு சிடியும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் அக்கா அதைப் போட்டுவிட்டார். போட்டதும் அது தன்னுடைய பிரவுசர், தன்னுடைய செய்திப் பட்டை என்று பெட்டி முழுக்கக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. விண்டோஸ் வரக் கால் மணி நேரம். செப்டம்பரில், 'இலவசக் காலம் முடிந்தது, வாங்குங்கள்' என்று திரையை அடைத்துக்கொண்டு ஒரு பலகை வந்து நின்றது. அதை மூட வழியே இல்லை. எடுத்துத் தொலைப்போம் என்று எடுத்தேன். போகிற போக்கில், போன் லைனில் இன்டர்நெட்டை இணைக்கும் மோடத்துக்கு வேண்டிய பைல்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போட்டால் பலகையும் கூடவே வந்தது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போடலாம் என்றால் ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே கரகரக்கிறது, நடுவில் நின்றால் தொலைந்தது.

அக்கா பக்கத்திலேயே நிற்கிறார், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சட்டென்று ஒன்று தோன்றியது. கம்ப்யூட்டரின் தேதியை இரண்டு மாதம் பின்னால் தள்ளி வைத்தேன். செப்டம்பர், ஜூலை ஆனது. பலகையைக் காணோம், இணைப்பும் கிடைத்தது. 'தேதியைத் தொடாதீர்கள்' என்று மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. கடையில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டபோது அண்ணாச்சி தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஓடுதுன்னு விட்டுட்டு வந்திருக்க, பொறவு என்னெல்லாம் வருதுன்னு பாப்போம்லே."

வியாழக்கிழமை

அக்டோபர் இரண்டாம் வாரம் திங்கட்கிழமை பம்பாயிலிருந்து மெயில் வந்தது. கப்பல் தயார், சம்மதத்தை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் தெரிவிக்க வேண்டும். அக்கா அன்றைக்கே பதில் போட்டார். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. செவ்வாய் இன்னொன்று, புதன் இன்னொன்று. வியாழன் மதியம் போன் பண்ணினால் அங்கே உள்ள கிளார்க், உங்களிடமிருந்து எதுவுமே வரவில்லை, போனில் சொல்வது செல்லாது, மெயில் அனுப்புங்கள் என்கிறார்.

மூன்று மணிக்கு எனக்கு ஆள் வந்தது. ஓடினேன். மோடத்தைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், நாலாவது பதிலை நானே அனுப்பினேன். போய்விட்டது என்கிறது பெட்டி. வரவில்லை என்கிறது பம்பாய். மணி நாலரை. சேவியர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் வே, நாம அனுப்புனதெல்லாம் எங்கனதான் போவுது?" என்று கேட்டார்.

அண்ணன் கேட்டது

அனுப்பிய கடிதங்களின் பட்டியலை மறுபடி திறந்தேன். அப்போதுதான் தேதி கண்ணில் பட்டது. நாலும் ஆகஸ்ட் மாதம். அனுப்புகிற கம்ப்யூட்டரில் என்ன தேதியோ, அதுதான் கடிதத்தில் ஏறும். பம்பாய்க்காரர்கள் தேதி வரிசைப்படி அடுக்கி, மேலே உள்ள புதுசை மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் நாலும் இரண்டு மாதத்துப் பழங்கடிதங்களுக்குள் போய்ப் புதைந்துவிட்டன. தேதியைத் திருத்தி மறுபடி அனுப்பலாம் என்றால் பலகை வந்து திரையை அடைத்துக்கொள்ளும். உடனே பம்பாய்க்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டு, கிடைத்தபோது மணி ஐந்தே கால். ஆகஸ்டில் தேடுங்கள் என்று கெஞ்சினேன். கிளார்க் தேடினார். நாலும் இருந்தன. ஆனால் ஐந்து மணிக்கே பட்டியல் கம்பெனிக்குப் போய்விட்டது, அண்ணன் இடத்தில் வேறொருவர் பெயர்.

ரிசீவரை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், தேதியை மாற்றியது நான்தான் என்பதையும் சேர்த்து. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. அண்ணன் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கோபமே இல்லாமல் பைய சொன்னார்: "பெட்டிக்கு ரெண்டு மாசம் கொறச்சீரே, அதே மாரி எனக்கும் கொறச்சு விடும் வே."

வேண்டாத சாப்ட்வேரைத் திட்டித் திட்டியே தொழில் நடத்தி வந்த நான், அதற்கப்புறம் எந்த வீட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான்.