நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்

என் கணவர் ஜெயிலுக்குப் போனது, தண்ணீர் இறைக்கும் கமலைக்குத் தோல் வாங்கப் போன இடத்தில். அரசியல் ஆசை இருந்ததெல்லாம் எனக்குத்தான். அவருக்கு அதுவரை அதில் துளி அக்கறை கிடையாது.

நான் மதுரையில் வடக்குமாசி வீதிப் பக்கம் வளர்ந்தவள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. எட்டாவது வரை படித்தேன். மாலையில் பத்திரிகையை உரக்க வாசிப்பது என் வேலை. கேட்பதற்குப் பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து உட்காருவார்கள். பதின்மூன்று வயதில் ஒருநாள் அந்நியத் துணி விற்கும் கடை முன்னால் பெண்கள் மறியல் செய்ததைப் பார்த்தேன். போலீஸ் வந்து இழுத்தபோதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. பெரியவளானதும் நானும் இப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பெரியவளானதும் கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அங்கே நாலு ஏக்கர் புஞ்சை, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. அத்தை காலமாகிவிட்டார். மாமாவுக்கு முழங்கால் வாதம். விடிந்தால் சாணி, தண்ணீர், களை, கேப்பைக் கஞ்சி, கைக்குழந்தை. ரோட்டுக் கடைக்குப் பத்திரிகை ஒருநாள் தாமதமாகத்தான் வரும். கடைக்காரர் படித்து முடித்து, அதில் பருப்போ புளியோ மடித்துக் கொடுப்பார். பாதித் தலையங்கம் என் கைக்கு வரும். மீதிப் பாதி வேறு யார் வீட்டு அடுப்படியிலோ கிடக்கும். "அந்தக் காகிதத்துல என்னதான் இருக்கு?" என்று கணவர் கேட்பார். சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார். நல்ல மனிதர். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

தலைவர்களையெல்லாம் ஒரே நாளில் பிடித்துப் போட்ட அந்த நாற்பத்திரண்டாம் வருஷ ஆடிக் கடைசியில், மதுரையில் கடையடைப்பு, தடியடி என்று தினம் ஒரு செய்தி வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மிளகாய் நாற்று நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மாடு கட்டி இழுக்கும் கமலைச் சாலில் தோல் கிழிந்து பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. "மதுரைக்குப் போயி தோல் வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "நீயும் வந்துட்டா மாட்டை யாரு அவுத்துக் கட்டுறது?" என்று கேட்டுவிட்டுக் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ் ஏறிப் போனார்.

மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் ஒரு வக்கீல் குமாஸ்தா எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார். கீழமாசி வீதியில் கூட்டம் கல்லெறிந்திருக்கிறது. போலீஸ் சுற்றி வளைத்திருக்கிறது. இவர் தோளில் தோலைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறார். தடியடியைத் தடுத்துக்கொள்ளவே தோலோடு வந்தான் என்று எழுதிவிட்டார்களாம். அந்தத் தோல் கடைசிவரை திரும்பி வரவில்லை.

மாமாவும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனோம். வக்கீல் குமாஸ்தா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒன்பது மாதமாவது விழும். "இந்த மாதிரி ஆளுக தினம் எழுதிக் குடுத்துட்டுப் போறாக. ஒண்ணும் அவமானமில்ல" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். "ஏத்தா, நீதான் படிச்சவ. நீயே எழுதிரு."

நாட்டைப் பிடித்து வைத்திருக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பவர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று மாமாவுக்குத் தெரியும். இருந்தும் கேட்டார். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கொள்கைக்காக, ஒன்றும் அறியாத ஒரு மனிதர் உள்ளே கிடப்பதா? நான் கிடக்கத் தயார்தான். என்னைத்தான் யாரும் பிடிக்கவில்லையே. பெஞ்சில் உட்கார்ந்து, குமாஸ்தா சொல்லச் சொல்ல எழுதினேன். "கலகக் கும்பலில் சேர்ந்தது என் குற்றம். அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி சர்க்காருக்கு விரோதமான எந்தக் காரியத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்." என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. காகிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நான் தப்புப் பண்ணேன்னா எழுதியிருக்கு?"

"ஆமா."

"நான் பண்ணலியே."

"பண்ணலைன்னு எங்களுக்குத் தெரியாதா? இப்படி எழுதுனாத்தான் விடுவாகளாம்."

"பண்ணாததுக்கு எப்படிப் புள்ள மன்னிப்புக் கேக்குறது? தோல் வாங்க வந்தேன்னு எழுதிக் குடு. கைநாட்டு வச்சுட்டு வாரேன்."

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளலும், அதே சமயம் அவர்மேல் தாங்க முடியாத ஆத்திரமும் வந்தன. "போட்டுத் தொலைங்களேன்" என்று கத்தினேன். "மிளகாய் காயுது. மாமாவால நடக்க முடியல. நான் ஒத்தையா எம்புட்டத்தான் பாக்குறது?" அந்தத் துணிக்கடை வாசலில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்த பெண்களிடம் எந்தப் புருஷனாவது இப்படிக் கெஞ்சியிருந்தால், அவனை நான் மனுஷனாகவே மதித்திருக்க மாட்டேன்.

அவர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "இத நீயா எழுதுன?" என்று கேட்டார்.

"நாந்தான்."

கைநாட்டு வைக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காவலாளி நேரமாகிவிட்டது என்றான். ஊருக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஒன்பது மாதமும் கமலை ஓட்டியது நான்தான். பழைய தோலுக்கு ஒட்டுப் போட்டு, வடக் கயிற்றில் உட்கார்ந்து, மாட்டை முன்னும் பின்னும் விரட்டினேன். பொம்பளை கமலை ஓட்டுவதைப் பார்க்க முதல் வாரம் ஊரே வரப்பில் வந்து நின்றது. பிறகு யாரும் வரவில்லை. மாடு பள்ளத்தில் இறங்கும், ஏறும், இறங்கும். வெளியே தேசம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பதினைந்தடிப் பள்ளம்தான் உலகம். ஆசைப்பட்டபடி என் வீட்டிலிருந்து ஒருவர் சிறையில் இருந்தார். நான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அவர் திரும்பி வந்த அன்று கொட்டாம்பட்டி ரோட்டில் ஏழெட்டுப் பேர் மாலையோடு நின்றார்கள். அவர் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டே நேராகத் தொழுவத்துக்குப் போய் மாட்டின் திமிலைத் தடவிப் பார்த்தார். இளைத்திருந்தார்; ஆனால் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே இருந்த படித்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்களாம். அதன்பின் கடையிலிருந்து முழுப் பத்திரிகையையும் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டி எனக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். மேலூரில் கூட்டம் என்றால் போவார், மதுரையில் கூட்டம் என்றாலும் போவார். "நானும் வாரேன்" என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் மாட்டைப் பற்றித்தான் பேச்சு வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாட்டுக்கும் உண்மையிலேயே ஆள் வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்த அன்று ஊர்ச் சாவடி முன்னால் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிட்டார்கள். இடுப்பில் சின்னவனோடு நானும் கூட்டத்தில் நின்றேன். ஏற்றிவிட்டு நாலு வார்த்தை பேசினார். தடியடி, தோல், ஜெயில் சோறு எல்லாம் சொன்னார். சிரித்தார்கள். பிறகு, "மன்னிப்பு எழுதிக் குடுன்னு எல்லாரும் கெஞ்சுனாக. எங்க அப்பாரும் கெஞ்சுனாரு. எம் பொண்டாட்டி ஒருத்திதான், போடாதீக, நான் பாத்துக்கிறேன்னு தைரியம் சொன்னா" என்றார்.

கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. கை தட்டினார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மை தெரிந்த இன்னொருவரான மாமா, அதற்கு முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பண்ணாததைப் பண்ணேன்னு எழுத மாட்டேன்னு சொன்ன ஆளு நீங்க. இன்னைக்கு ஊரைக் கூட்டி வச்சு ஏன் பொய் சொன்னீக?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அன்னைக்கு நீ அதைத்தான சொல்ல நெனச்ச?" என்றார். "சொல்ல முடியல. அம்புட்டுத்தான."

அவருக்கு அன்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதன்பின் எங்கே போனாலும் நான் அந்தத் தைரியசாலிப் பெண்தான். கல்யாண வீட்டிலும் சந்தையிலும் அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்வார்கள். நான் தலையாட்டுவேன்.