எட்டாம் வாய்ப்பாட்டின் முதல் மாணவி

நகராட்சி அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவரை எல்லோரும் எட்டக்கா என்றே கூப்பிடுவார்கள். நாற்காலிகளை எட்டெட்டாகத்தான் அடுக்குவார். வயதைக் கேட்டால், "ஆறெட்டு" என்பார். ஒன்பதாம் வாய்ப்பாடு என்று ஒன்று இருப்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மனிதர்களிடம் பொறுமை, தரையிடம் கண்டிப்பு, பழிவாங்குவதில் ஒழுங்கு. இவை அவருடைய நற்குணங்கள். பொத்தான் பட்டறை முதலாளி அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் கால் ஆடும் நாற்காலியைத் தேடி எடுத்துப் போடுவார். தண்ணீர் கேட்டால் வெயிலில் வைத்த குடத்திலிருந்து மொண்டு கொடுப்பார். இதெல்லாம் சில்லறைக் கைங்கரியங்கள். பெரிய கணக்கு ஒன்று முப்பத்தைந்து வருஷமாகப் பாக்கி இருந்தது.

எட்டு வயதில் அவர் அந்தப் பட்டறைக்குப் போனார். ஒரு பொத்தானுக்கு நான்கு துளை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை துளை. தொழிலாளர் துறை அதிகாரியின் ஜீப் தெருமுனையில் திரும்பியதும் வாசல் காவலாளி இரண்டு தடவை இருமுவார். உடனே பொத்தான் தட்டுகள் பெஞ்சுக்கு அடியில் போகும். சுவரில் தொங்கும் பொத்தான் அளவுப் பலகை திருப்பி மாட்டப்படும். அதன் முதுகில் எட்டாம் வாய்ப்பாடு. இரண்டே நிமிஷத்தில் பட்டறை பள்ளிக்கூடம் ஆகிவிடும். இவ்வளவு வேகமாகப் பள்ளிக்கூடம் கட்டிய நாடு உலகத்தில் வேறு இல்லை.

"ஏதாவது கேளுங்க சார், எட்டாம் வாய்ப்பாடு கேளுங்க" என்பார் முதலாளி. அதிகாரி கேட்பார். கணீரென்ற குரல் என்பதால் எட்டக்காதான் எழுந்து சொல்வார். ஜீப் போனதும் ஒரு பிஸ்கட். அப்புறம் மறுபடி துளை. ஐந்து வருஷம் வகுப்பில் முதலிடம், பாடம் ஒன்றுதான்.

இந்த வருஷம் நகராட்சியில் பெரிய விவாதம் கிளம்பியது. பொதுப் பணத்தில் இலவசப் பள்ளி கட்டுவதா, வேண்டாமா? முதலாளி ஒரு மனு கொடுத்தார். புதிதாகக் கட்டுவானேன், நாற்பது வருஷமாகத் தாம் நடத்தும் 'உழைத்துப் படிக்கும் பள்ளி'க்கே அந்தப் பணத்தைத் தந்துவிடலாமே என்று பணிவோடு கேட்டிருந்தார்.

எட்டக்காவுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது வீட்டில்தான். தங்கை தன் மகளை, எட்டு வயதுக்காரியை, அடுத்த மாதம் அதே பட்டறையில் சேர்ப்பதாக இருந்தாள்.

"பீஸ் கட்டுற பள்ளிக்கு நான் எங்கக்கா போவேன்? அங்கன்னா கையில காசும் வருது, படிப்பும் வருது."

"என்ன படிப்புடி வருது?"

"நீ அங்க போய்த்தானே எனக்குச் சோறு போட்ட? கெட்டாப் போயிட்ட?"

எட்டக்கா சோற்றுப் பானையை நங்கென்று மூடினார். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் பானை உடைந்திருக்கும். மறுநாள் காலை, பள்ளி பற்றி முடிவெடுக்கும் பொதுக்கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யும் குமாஸ்தாவிடம் போய் மிக இனிமையாகப் பேசினார்.

"சார், வெறும் பேச்சா இருந்தா நல்லாவா இருக்கும்? முதலாளியோட பள்ளிக்கூடப் பலகையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பாக்க லட்சணமா இருக்கும்."

முதலாளிக்கு யோசனை பிடித்துப்போய்விட்டது. பலகைக்கு ஒரு மாலையும் போட்டு, தம் மேஸ்திரியின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் தங்கையும் இருந்தாள். முதலாளி அரைமணி நேரம் பேசினார். குழந்தைக்குச் சின்ன வயதிலேயே உழைப்பின் ருசி தெரிய வேண்டும் என்றார். சும்மா கிடைத்தால் படிப்புக்கு மதிப்பிருக்காது என்றார். பிறகு, தண்ணீர் வைக்க வந்த எட்டக்காவின் தோளைத் தட்டினார்.

"இதோ, எங்க பள்ளியோட முதல் மாணவி! சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும்."

"ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு" என்று ஆரம்பித்து எண்பதுவரை அதே கணீர் குரலில் சொல்லி முடித்தார் எட்டக்கா. கைதட்டல். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவரம்மா, ஒரு வேண்டுகோள்" என்றார் எட்டக்கா, நகராட்சித் தலைவியைப் பார்த்து. "எட்டு முடிஞ்சுது. ஒன்பதுக்கு அஞ்சு வருஷம் காத்திருந்தேன், வரவே இல்ல. ஐயா இருக்காரு, பலகை இருக்கு. இப்பவே அழிச்சிட்டு எழுதிப் போடச் சொல்லுங்க." இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை எடுத்து முதலாளியின் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

முதலாளி சிரித்துக்கொண்டே துடைத்தார். பிறகு சிரிக்காமல் துடைத்தார். பிறகு அழுத்தித் துடைத்தார். மாலை அறுந்து விழுந்தது. ஓரெட்டு எட்டு அப்படியே பளபளத்தது.

"ஐயா, வீணா தேய்க்காதீங்க" என்றார் மேஸ்திரி, உதவுகிற நல்லெண்ணத்தில். "அது எனாமல் பெயிண்டு. சாக்பீஸுல எழுதினா தூசியில அழிஞ்சு போகுது, பெயின்டர வச்சு எழுதிடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சபை சிரிப்பில் வெடித்தது.

"நாப்பது வருஷமா இந்த ஒரு பாடம்தானா?" என்று கேட்டார் தலைவி. முதலாளி துணியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவரை உட்காரச் சொல்லலாமா என்று குமாஸ்தா எழுந்தார்.

"நிக்கட்டும் சார்" என்றார் எட்டக்கா.

முதலாளி நின்றுகொண்டிருக்கும்போதே உறுப்பினர்களின் கைகள் உயர்ந்தன. இலவசப் பள்ளிக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. பட்டறையில் இருக்கும் பிள்ளைகள் முதல் வகுப்புக்கு வந்தாக வேண்டும் என்றும் தீர்மானம் ஆயிற்று. தங்கை வாசலில் அக்காவைப் பார்த்து, "நாளைக்குப் பேர் குடுக்கணுமாமே, யார்கிட்டக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்தது. முதலாளி மட்டும் மிச்சம்.

"உனக்கு என்ன குறை வச்சேன்? எல்லாருக்கும் முன்னாடி உனக்குத்தானே பிஸ்கட் குடுத்தேன்!"

"நல்ல பிஸ்கட்டுங்க ஐயா. இன்னும் செரிக்கல." எட்டக்கா நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். "துணிதான் கையில இருக்கே, அப்படியே அந்த மேசையையும் துடைச்சிடுங்க."

வாசலில் தலைவி இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்தார். முதலாளி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து துடைத்தார்.

எட்டக்கா வந்து தலையைச் சாய்த்து மேசையைப் பார்த்தார்.

"அந்த மூலையில தம்ளர் வச்ச வட்டம் இருக்குதுங்க ஐயா. இன்னொரு தடவை."