பெரியம்மா மடியில் ஒரு நீலக் குட்டி

ஐந்தாம் வகுப்பு லீவில் நான் நன்றாக உருண்டு திரண்டிருந்தேன். படி ஏறினால் மூச்சு வாங்கும். "பாப்பாவ ஓடியாட வுடுங்க" என்றார் கம்பைநல்லூர் டாக்டர். ஓடச் சொன்னால் ஓடுகிற ஆளா நான்? அரூரிலிருந்து வந்த மாமாதான் ஒரு போன் விளையாட்டைக் காட்டினார். போனைத் தூக்கிப் பிடித்தால் நம் தெருவே அதில் தெரியும். நடக்க நடக்க அங்கங்கே குட்டிப் பிராணிகள் நிற்கும், தட்டிப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் ஒன்றும் வராது.

அந்த விளையாட்டு ஓடுகிற போன் அத்தையிடம் மட்டும்தான் இருந்தது. அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பொங்கலுக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. எங்கள் வாசற்படியையும் தாண்டவில்லை. தாண்டினால் எதிர்வீட்டுப் பெரியம்மா, "எப்பம்மா உங்க வூட்டுக்குப் போற?" என்பார். கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போனைத் தனியாக என்னிடம் தர அம்மா விடவில்லை. நான் ஒரு வேளைச் சோற்றை ஒதுக்கினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அத்தை போனோடு என்கூடக் கிளம்பிவிட்டாள்.

முதலில் கோயில் வரை, பிறகு ரேஷன் கடை வரை. அத்தை தலை நிமிராமல் போனையே பார்த்து நடப்பாள். விளையாட்டின் மேல் அத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பெரியம்மா நாலு பெண்களோடு உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டார். அத்தை நின்றாள். போனை அவர் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் ஆடாம இருங்க. உங்க மடியில நீலமா ஒண்ணு குந்தியிருக்குது."

நான் எம்பிப் பார்த்தேன், திரை எட்டவில்லை. பெரியம்மா உதட்டை அசைக்காமல், "கடிக்குமா?" என்றார்.

"கேள்வி கேட்டா கடிக்கும்."

பக்கத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பஸ் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

திரும்பும்போது அத்தை நிமிர்ந்து, வீசி நடந்தாள். நான் ஓடித்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் போனைத் துழாவினேன். நீலக் குட்டி இல்லை.

"தப்பிச்சிட்டுது. நாளைக்கும் போலாம்" என்றாள்.

லீவு முடியும்வரை அதைத் தேடி நடந்தோம். எனக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. எங்களைத் தூரத்தில் கண்டாலே பெரியம்மா மடியை உதறிக்கொள்வார், கேள்வியெல்லாம் கேட்பதில்லை. குட்டி மட்டும் அகப்படவில்லை. வேறு ஊருக்குப் போயிருக்குமோ என்றுதான் கவலைப்பட்டேன். அந்த மடியில் ஒன்றுமே உட்காரவில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.