மலை மேலே ஓர் ஊரணி

சுவிட்சர்லாந்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கையில், மலை மேலே இருக்கும் ஏரிக்கு என்னை அழைத்துப் போனான். மருமகளுக்கு அன்று வேலை. போனதிலிருந்து அவனோடு தனியாக ஒரு முழுப்பகல் கிடைத்தது அன்றுதான். வீட்டுக்காரர் காலமானபின் காரைக்குடி வீட்டில் நான் ஒற்றை ஆள். "எங்களோடயே இருந்துருங்கம்மா" என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்று கோடை முழுக்கக் காத்திருந்தேன். நானாகக் கேட்க மாட்டேன். அந்த வீம்பு எனக்கு உண்டு.

பாதை செங்குத்து. எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். எனக்கு மூச்சு வாங்கியது. எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லாரும் முகமன் சொன்னார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல் "வாங்க, வாங்க" என்றேன்.

"அவுக போறாகம்மா" என்று மகன் சிரித்தான்.

எங்கள் ஊரில் எதிரே யார் வந்தாலும் "வாங்க" என்று கேட்பதுதான் மரியாதை; வேறு எப்படித்தான் கேட்பதாம்? அவர்களோடு நின்று பேச அவனுக்கு நேரம் இருந்தது. பிறகு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டான். அவன் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

ஏரி வந்தது. பனி உருகிய தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிந்தது. எங்கள் பக்கம் மழை பெய்து ஊரணி நிறைந்தால்தான் குடிதண்ணீர். அதில் யாரும் கால் கழுவ மாட்டார்கள்; செருப்பைக் கரைக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் குடத்தோடு போவோம். அந்தப் பழக்கத்தில் என் கை தானாக ஷூவைக் கழற்றியது. வெறுங்காலோடு போய்க் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. நிமிர்ந்தால், மகன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான்.

"ஏய்! குடிக்கிற தண்ணியில காலை வைக்காதடா! ஏறுடா கரைக்கு!"

வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நீந்திக்கொண்டிருந்த ஒருத்தி பயந்துபோய்க் கரைக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, இது ஊரணி இல்ல. கத்தாதீக" என்று பல்லைக் கடித்தான் மகன். பிறகு அவர்களிடம் போய் ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்லவில்லை.

தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தேன். அழுகை வந்தது. அவ்வளவு தனியாக நான் காரைக்குடியில்கூட இருந்ததில்லை. அங்கே நான் கத்தினால் என்னவென்று கேட்கப் பக்கத்து வீட்டுக்காரியாவது ஓடி வருவாள்.

கொஞ்ச நேரம் கழித்து மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் தணிந்திருந்தது. இரண்டு வாய் சோறு எடுத்துச் சாப்பிட்டான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்தது. இருக்கச் சொல்வானோ என்று அவன் வாயையே பார்த்தேன்.

"இங்க பனி விழ ஆரம்பிச்சா உங்களால தாங்க முடியாதும்மா. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே கிளம்புறீக. அடுத்த கோடைக்கும் வாங்க, டிக்கெட் போட்டுருவோம்."

"அதுக்கென்னப்பா, பாப்போம்" என்றேன். மீதிச் சோற்றையும் அவன் பக்கம் தள்ளினேன்.

இறங்கும்போது அவன் முன்னால் ஓடவில்லை. வழுக்கும் இடங்களில் என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளைதான். இருக்கச் சொல்லியிருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன். ஆனாலும், சொல்லியிருக்கலாம்.